பாட்டில்லாத கேசட்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வருகிற ஊர் செவிலிமேடு. 2011 வரை தனிப் பேரூராட்சி. பிறகு காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021 முதல் மாநகராட்சி. எண்பதுகளில் இங்கே தறி ஓடிய வீடுகளில், தறியிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு ரேடியோ இருக்கும். குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் ஜரிகையில். வேலையில்லாமல் இருப்பது காது ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சும்மா இருக்கும் காது எதையாவது கேட்டே தீரும். நெசவு ஊர்களில் சினிமாப் பாட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

காலையில் விவித் பாரதி. காற்று ஒத்துழைத்தால் இலங்கை வானொலி, கே.எஸ். ராஜாவின் குரலும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலும் தெருவில் எல்லோருக்கும் உறவுக்காரர் குரல் மாதிரி தெரியும். கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளும் பையன், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வயலின் கூட்டத்தை வாயாலேயே வாசித்துக் காட்டுவான். 'இது யார் மியூசிக்?' என்று கேட்டால் முதல் நாலு விநாடியிலேயே பதில் வந்துவிடும்.

பிறகு கேசட் வந்தது. ராஜவீதிப் பக்கம் ரெக்கார்டிங் கடைக்குப் போய், காலி கேசட்டும் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு. எதற்குப் பிறகு எது என்று யோசித்து எழுத வேண்டும். ஏ பக்கம் சோகமாக முடிந்தால் பி பக்கத்தை எதில் தொடங்குவது என்று அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதமே நடக்கும். ஆல்பத்தின் வரிசை என்ன செய்யும் என்பதை எங்கள் தலைமுறை அந்தத் தாளில்தான் கற்றது.

பாட்டுக்கு அடுத்தபடியாக விற்றது கதை வசனம். 'திருவிளையாடல்' இசைத்தட்டில் தருமியும் சிவனும் வாதாடுவதைக் கல்யாணப் பந்தலில் குழாய் ஸ்பீக்கர் வைத்துப் போடுவார்கள். 1984இல் 'விதி' வந்தபோது அதன் நீதிமன்ற வசனம் டீக்கடைக்கு டீக்கடை ஓடியது. ஒரு படத்தின் ஒலியில் பாட்டு கடைக்கு வந்தது, வசனம் கடைக்கு வந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது மட்டும் வரவே இல்லை.

அதைச் சினிமாக்காரர்கள் ரீரெக்கார்டிங் என்பார்கள். இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய சில வருடங்களிலேயே, தமிழ்ப் பார்வையாளர்கள் காட்சிக்குப் பின்னால் ஓடும் இசையைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வேலை செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்தது: ரீலைப் போட்டுப் பார்ப்பார், உட்கார்ந்து நொட்டேஷன் எழுதுவார், கலைஞர்கள் பிரதி எடுத்துக்கொண்டு அங்கேயே வாசிப்பார்கள். இசை முழுக்க முழுக்க அந்தக் காட்சியின் மூச்சுக்கு அளவெடுத்தது. 'நாயகன்' படத்தில் ஒரு பாட்டின் மெட்டு, வேலு நாயக்கரின் வாழ்க்கை நெடுகிலும் ஆள் மாறி, வாத்தியம் மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பாட்டு கேசட்டில் கிடைத்தது. அந்த மெட்டு படத்துக்குள் பட்ட பாடு கிடைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால் மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும்.

டிவியில் 'மௌன ராகம்' போட்ட இரவு நான் டேப் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தேன். அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம், விளம்பரம், நாய் குரைப்பு எல்லாம் சேர்ந்த அந்த ஒலிநாடாவை நான் ஒரு ஆல்பமாகவே வைத்திருந்தேன். என்னைப் போல இப்படிச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பின்னாளில் இணையத்தில் படத்திலிருந்து இசைத் துண்டுகளை வெட்டிப் போட்டவர்கள் எல்லோரும் அந்தப் பசியில் வளர்ந்தவர்களே.

இன்று அதே தெருவில் என் அக்கா மகன் தறியில் உட்காருகிறான். ரேடியோ இருந்த இடத்தில் போன், காதில் ப்ளூடூத். 'என்னடா கேக்குற?' என்றால், 'ஓ.எஸ்.டி. மாமா. பாட்டே கிடையாது, முழுசும் பிஜிஎம்' என்கிறான். கேட்பது ஜப்பானிய அனிமே படத்தின், தொடரின் இசை. டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசிய காலத்தில் வளர்ந்தவன் அவன். பிறகு நருட்டோ. அனிமே தளமான கிரன்ச்சிரோல் தமிழ் டப்பிங் கொண்டுவந்த பிறகு நண்பர்கள் வட்டமே அதில் இறங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழிலேயே தியேட்டருக்கு வந்தபோது கூட்டமாகப் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் சண்டையைப் பற்றிப் பேசியதைவிட யூகி கஜியுரா, கோ ஷீனா ஆகிய இருவரின் இசையில் எது யாருடையது என்று பேசியதுதான் அதிகம். நாலு விநாடியில் இசையமைப்பாளரைச் சொன்ன அந்தக் காது எங்கும் போய்விடவில்லை.

ஆனால் கையில் கிடைக்கும் பொருள் அடியோடு மாறியிருக்கிறது. ஜப்பானில் பின்னணி இசை என்பது படத்தின் மிச்சமாக இல்லாமல், முதலிலிருந்தே தனி ஆல்பமாக வெளிவரும் சரக்கு. இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியை இயக்குநர் மியாசாகியின் 'நௌசிக்கா'வுக்கு முதலில் அழைத்ததே, கதையின் உணர்வை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யத்தான். அந்த 'இமேஜ் ஆல்பம்' 1983இல் வந்தது; படம் வந்தது 1984இல். 'பிரின்சஸ் மோனோனோகே'வுக்கு 1996இல் இமேஜ் ஆல்பம், 1997இல் படமும் அதன் இசை ஆல்பமும், 1998இல் அதே இசை சிம்ஃபனித் தொகுப்பாக மறுபடியும். ஒரே மெட்டு கருவில் இருந்தபோது, படத்தில் உழைத்தபோது, படத்தை விட்டு நீங்கிய பிறகு என்று மூன்று நிலையில் கேட்கலாம். 2020 பிப்ரவரியில் மியாசாகியின் கிப்லி நிறுவனத்தின் 38 ஆல்பங்கள் ஒரே நாளில் உலகம் முழுதும் இணையத்துக்கு வந்தன. செவிலிமேட்டில் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு அத்தனையும் விரல் நுனியில். டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்த எனக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ஆல்பங்களை எப்படி எடை போடுவது என்பதில்தான் எனக்கும் அக்கா மகனுக்கும் பேச்சு நீளும். அவன் சொல்லித்தான் ஒன்று எனக்குப் பிடிபட்டது. தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் காட்சியைப் பார்த்து இசை அமைப்பதில்லை. 'பயம்', 'பள்ளிக்கூடத்துக் காலை', 'எதிரி நெருங்குகிறான்' என்பது போல ஒரு பட்டியல் இசையமைப்பாளர் கைக்கு வரும். அவர் ஒவ்வொன்றுக்கும் முழு உருப்படியாக எழுதி மொத்தமாகப் பதிந்து கொடுத்துவிடுவார். எந்த உருப்படியை எந்தக் காட்சியில், எந்த விநாடியில் விடுவது என்று தீர்மானிப்பவர் ஒலி இயக்குநர் என்ற இன்னொருவர். இதனால் அந்த உருப்படிகளுக்குத் தொடக்கம், வளர்ச்சி, முடிவு எல்லாம் இருக்கும். படம் இல்லாமலேயே நிற்கும். 1998இல் வந்த 'கவ்பாய் பீபாப்' தொடருக்கு யோகோ கன்னோ, சீட்பெல்ட்ஸ் என்ற குழுவோடு செய்த ஜாஸ் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுத்த இசையைக் கேட்டு இயக்குநர் ஷினிச்சிரோ வாதனாபே காட்சிகளையே யோசித்தார். அந்த ஆல்பம் நன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதன் இசை யாருக்கும் பின்னால் நடக்கப் பிறந்ததே இல்லை.

திரைப்படத்துக்குக் காட்சி பார்த்து எழுதிய இசையை அதே தராசில் வைத்தால் அநியாயம். அதில் நாற்பது விநாடித் துண்டுகள் இருக்கும், திடீரென்று அறுந்து நிற்கும். அங்கே கேட்க வேண்டியது உருப்படியின் முழுமையை விட, ஆதார மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது முகம் காட்டுகிறது என்பதை. எனவே ஓர் ஆல்பத்தை நான் முதலில் படம் பார்க்காமல் கேட்கிறேன், பிறகு படம் பார்க்கிறேன், மறுபடி கேட்கிறேன். மூன்றாம் முறையில் அது எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றால் அது படத்தின் நினைவுப் பொருள் மட்டும். சொல்கிறது என்றால் அது ஆல்பம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தவை இரண்டு. 1988இன் 'அகிரா': ஷோஜி யமாஷிரோ நடத்திய கெய்னோ யமாஷிரோகுமி என்ற பெரிய குழு, பாலித் தீவின் மூங்கில் கமெலானையும் நோ நாடகக் குரல்களையும் சேர்த்துச் செய்தது. 1995இன் 'கோஸ்ட் இன் த ஷெல்': கெஞ்சி கவாய், பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாடலை எழுதி, நாட்டுப்புறப் பாடகியரைப் பல்கேரியச் சேர்ந்திசை போன்ற இணைப்பில் பாட வைத்தார். இயந்திர உடம்பு உருவாகும் காட்சிக்குக் கல்யாணப் பாட்டு! எதிர்காலக் கதைக்கு மிகப் பழைய குரலைக் கொண்டுவரும் அந்தத் துணிவு என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது.

பாட்டில்லாத இசை நமக்கு அன்னியமும் இல்லை. ஏகாம்பரநாதர் புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுத்தால், வீட்டுக்குள் இருப்பவருக்கும் சுவாமி கிளம்பிவிட்டார் என்று தெரியும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. வார்த்தை இல்லாமல், இந்த நேரத்துக்கு இந்த இசை என்று கேட்டுப் பழகிய ஊர் இது. சினிமா வந்த பிறகு, பாட்டு இருந்தால்தான் கேசட் என்று நாமாக ஒரு வேலி போட்டுக்கொண்டோம்.

இன்று எனக்குக் கவலை தருவது வேறு. ரீல்ஸில் பதினைந்து விநாடி. ஹிரோயூகி சவானோ 2013இல் 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடருக்கு எழுதியவற்றில் ஜெர்மன் மொழியில் பாடப்படும் ஓர் உருப்படி ஆறு நிமிடத்துக்கும் மேல். ஒற்றைக் குரலில் மெல்லத் தொடங்கி, அடுக்கடுக்காக ஏறும். பசங்கள் வெட்டி எடுப்பது உச்சியில் வரும் அந்த முழக்கத்தை மட்டும். ஏறி வந்த வழி இல்லாமல் உச்சி எதற்கு? கேசட்டில் வேறு வழியில்லாமல் வரிசையாகக் கேட்டோம். தாண்டிப் போக வேண்டுமென்றால் ஓட்டிப் பார்த்து நிறுத்த வேண்டும், தலை தேயும் என்ற பயம் வேறு. அந்தக் கட்டாயம் நல்லதைத்தான் செய்தது. தறியில் உட்கார்ந்திருக்கும் மருமகனுக்கு இன்றும் அந்தக் கட்டாயம் இருக்கிறது: கை நாடாவில் இருக்கும்போது போனைத் தள்ள முடியாது. அவன் ஆல்பத்தை முழுசாகக் கேட்கிறான். கல்லூரிக்குப் போகும் அவன் நண்பர்கள் கேட்பதில்லை. 'நீங்க கடைசி ட்ராக் வரைக்கும் கேட்டீங்களாடா?' என்று அவன் அவர்களை மடக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரியில், யூகோ சாகோவும் ராம் மோகனும் 1992இல் செய்த இந்திய–ஜப்பானிய அனிமே 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அதற்கு இசை வன்ராஜ் பாட்டியா; லண்டனிலும் பாரிஸிலும் மேற்கத்திய இசை படித்து, ஷியாம் பெனகல் படங்களுக்கு இசை தந்தவர். அனிமே இசை ரசிகர்கள் ஹிசாய்ஷியையும் கன்னோவையும் அலசும் அளவுக்கு அவரை அலசுவதில்லை. இந்தியாவில் பிறந்து இந்தியக் கதைக்கு அனிமே இசை எழுதிய ஒருவரை நாம் இப்படி விட்டிருக்கக் கூடாது.

தமிழில் முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 2013இல் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. இளையராஜாவின் பின்னணி இசையே அதன் ஆல்பமாக, ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்போடு வெளியானது. மருமகனிடம் அதைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, 'இது ஜப்பான்காரன் ஓ.எஸ்.டி. கணக்கா இருக்கு மாமா, நம்ம ஆளு இப்படி இன்னும் எத்தனை செஞ்சிருக்காரு?' என்று கேட்டான்.

நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார். 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'ஜானி', 'மௌன ராகம்', 'நாயகன்', 'தளபதி' – இவற்றின் ரீரெக்கார்டிங் வசனமும் சத்தமும் கலக்காத மூல நாடாவாக எங்காவது இருந்தால் அதைச் சுத்தம் செய்து, படத்தின் வரிசையில், வாசித்தவர்கள் பெயரோடு வெளியிட வேண்டும். நாடா அழிந்திருந்தால் நொட்டேஷனை வைத்து மறுபடி வாசிக்கலாம்; ஹிசாய்ஷி தன் பழைய இசையைப் புதிய ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்துப் பதிவதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்ஃபனியை அரங்கேற்றிய இளையராஜாவுக்கு அதற்கான வாத்தியக்காரர்கள் கிடைக்காமல் போகப் போவதில்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்களா என்று ஆடியோ கம்பெனிகள் கேட்கலாம். மொழி தெரியாத நாட்டின் இசையைப் பாட்டே இல்லாமல் கடைசி ட்ராக் வரை கேட்கிற பிள்ளைகள் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் முதல் வேண்டுகோள் 'உதிரிப்பூக்கள்'.