ஒரே நொடியில் ஒரே சிரிப்பு

குடும்ப நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தயாரித்துவரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் நடிகர்களில் பார்வையற்றவரும் உண்டு, காது கேளாதவரும் உண்டு. பார்க்க வருபவர்களிலும் அப்படித்தான். எல்லோரையும் சிரிக்கவைக்க முடியுமா?"

முடியும். பிரிட்டனில் 1980-இல் நபில் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் தொடங்கிய 'கிரேஐ' நாடகக் குழு அதைச் செய்துகாட்டியிருக்கிறது. காது கேளாதவரான ஜென்னி சீலி 1997-இல் அதன் கலை இயக்குநரானார்.

பிற அரங்குகளில் சைகைமொழி பெயர்ப்பாளர் மேடையோரம் நிற்பார். காட்சியை வர்ணிப்பவர் தனியறையிலிருந்து இயர்போன் வழியே பேசுவார். கிரேஐ இவற்றைக் கதைக்குள்ளேயே சேர்த்தது. பாத்திரங்களே சைகை செய்வார்கள், வர்ணனை வசனத்தோடு கலந்து வரும், எழுத்துகள் மேடைத் திரையில் ஓடும்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது நேரக்கணக்கு. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். திடீரென்று கூட்டம் சிரிக்கும். என்ன நடந்தது என்று அக்கா ஊகித்துச் சொல்வதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருக்கும். பார்வையற்ற ரசிகருக்கு அரங்கில் நேர்வதும் இதுதான்.

காலில் விழுந்து எழும் மாப்பிள்ளையின் டோப்பா பாயச வாளியில் விழுகிறது என்று வையுங்கள். அந்த நொடியில் மாமியார், "ஐயையோ, மாப்பிள்ளை முடி பாயசத்துல மிதக்குதே!" என்று அலறினால் போதும், வர்ணனை முடிந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் திரையில் அந்த வரி முன்னதாக ஓடினால் படிப்பவர் முந்திக்கொண்டு சிரிப்பார். சைகை செய்பவர் வாளியிலிருந்து தள்ளி நின்றால், அவரைப் பார்க்கும் கண் டோப்பாவைத் தவறவிடும். ஆகவே அவர் வாளிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதையெல்லாம் கடைசி வாரத்தில் ஒட்டவைக்க முடியாது, எழுதும்போதே யோசிக்க வேண்டும்.

எழுதும்போது யோசிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நம் நகைச்சுவையோ நெடுங்காலமாகத் திக்குவாயையும் செவிட்டுக் காதையும் கேலி செய்தே பிழைத்திருக்கிறது. அந்த வேடங்களைப் போட்டவர்களும் பெரும்பாலும் அந்தக் குறை இல்லாதவர்கள். மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று 2024-இல் ஒரு திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொன்னது.

எழுத்தோடு வேலை முடிவதில்லை. மண்டபம் பிடிக்கும்முன் மேடைப் படிகளையும் பாருங்கள். பார்வையாளர் வாசலில் சாய்தளம் கட்டியவர்கள் மேடையேறும் இடத்தில் அதை மறந்திருப்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பார்க்க மட்டும்தான் வருவார், நடிக்க வரமாட்டார் என்ற நினைப்பே அதற்குக் காரணம். சாய்தளம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.