உடல் மெலிக்கும் கொழுப்புணவு: நன்மையும் ஏதமும்

பழைய மாணவர் மலரிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால், இலக்கியத்தையோ இலக்கணத்தையோ வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. யாம் உணவைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து இன்று கொழும்பிலே கணக்காளராய்க் கடமை புரிபவர், சென்ற தைப்பொங்கலன்று எம் இல்லம் வந்தார். பதினைந்து கிலோ மெலிந்திருந்தார். பொங்கலைக் கையாலும் தொட்டாரில்லை. “சோறும் மாவும் விட்டு நாலு மாதம் ஆச்சு, சேர்” என்றார். யாமும் மகிழ்ந்தோம். அடுத்த மாதமே அவர் அலுவலகத்தில் நினைவிழந்து வீழ்ந்தார் என்னும் செய்தி வந்தது. நீரிழிவுக்கென உட்கொண்டுவந்த குளிகையே, உணவு மாறிய பின்னர் இரத்தச் சீனியை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்திவிட்டதென வைத்தியர் கண்டனர். உணவை மாற்றியதை அவர் தம் வைத்தியருக்கு அறிவித்திருக்கவில்லை.

அவர் கைக்கொண்டது ‘கீட்டோ’ எனப்படும் உணவுமுறை. அது பயன் தருமா, அதனால் ஏதம் விளையுமா என்னும் இரண்டையும் எமக்கு விளங்கிய அளவிலே இங்கு எடுத்துரைப்போம்.

இம்முறை புதியதன்று. இலண்டன் மாநகரிலே வில்லியம் பாண்டிங் என்பவர் பாண், சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி, ஓராண்டளவில் 46 றாத்தல் மெலிந்த செய்தியை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். 1921இல் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர் என்னும் வைத்தியர், கொழுப்பு மிகுந்த உணவை வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக வகுத்து, அதற்குக் ‘கீட்டோ’ உணவென்னும் பெயரையும் இட்டார். மருந்துக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளுக்கு இன்றும் அது வைத்தியர் மேற்பார்வையிலே வழங்கப்படுகின்றது. 1972இல் றொபேட் அற்கின்ஸ் எழுதிய நூல் உடல் மெலிய விரும்புவோரிடையே இவ்வகை உணவைப் பரப்பிற்று. தமிழிலே, நியாண்டர் செல்வன் என்னும் பெயரில் எழுதுபவர், ‘பேலியோ’ என்னும் பெயரால் இதனை அடுத்த ஒரு முறையை முகநூற் குழுவொன்றின் வாயிலாகவும் நூல் வாயிலாகவும் பரப்பினார். காலையில் நூறு பாதாம் கொட்டை உண்ணும் வழக்கம் தமிழரிடையே பரவியது அவ்வழியே.

இனி, இம்முறை தொழிற்படும் விதத்தைக் காண்போம். சோறும் ரொட்டியும் வயிற்றிலே குளுக்கோசாக மாறுகின்றன. உடல் அதில் ஒரு பகுதியை ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கின்றது. அச்சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ. அதனோடு மும்மடங்கு நீரும் தங்கும். மாப்பொருளை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே குறைத்தால், சில நாள்களிலே சேமிப்புக் கரைகின்றது. அப்பொழுது ஈரல் கொழுப்பை உடைத்துக் ‘கீட்டோன்’ என்னும் பொருளாக்குகின்றது. மூளையும் அதனைக் கொண்டு இயங்கக் கற்றுக்கொள்கின்றது. இந்த 50 கிராம் எத்துணைச் சிறிதென்பதை நம் அடுக்களையைக் கொண்டே அறியலாம். நூறு கிராம் கோதுமை மாவிலே ஏறத்தாழ 75 கிராம் மாப்பொருள் உண்டு. தோட்டத்திலே சுடும் தடித்த ரொட்டி ஒன்றே ஒருநாள் அளவை முடித்துவிடும்.

முதல் வாரத்திலே இரண்டு மூன்று கிலோ குறையக் கண்டு அன்பர் மகிழ்கின்றனர். அதிற் பெரும்பகுதி சேமிப்போடு கழிந்த நீரே. பின்னர்க் குறைவது கொழுப்புத்தான். ஆயினும் அதற்கு மாயம் ஏதுமில்லை. புரதமும் கொழுப்பும் பசியை அடக்குவதாலும், தின்பண்டங்கள் தாமே விலகுவதாலும், உண்ணும் அளவு குறைகின்றது. அளவு குறைய உடலும் குறைகின்றது.

பயன் நிலைக்குமா? 2003இல் அமெரிக்காவில் 63 பேரைக் கொண்டு நடந்த ஆய்விலே, மாப்பொருள் குறைத்தோர் ஆறு மாதத்தில் மற்றையோரிலும் மிகுதியாக மெலிந்தனர். ஆண்டு முடிவிலோ இரு சாராருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2018இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு ஆராய்ந்தனர். கொழுப்பைக் குறைத்தோர் சராசரி 5.3 கிலோவும், மாப்பொருளைக் குறைத்தோர் 6.0 கிலோவும் மெலிந்தனர். அவ்வாய்வின் உணவு கீட்டோவைப் போலக் கடுமையானதன்று. எனினும் அது புகட்டும் பாடம் தெளிவு. எவ்வழியைத் தேர்ந்தாலும், நெடுங்காலம் கடைப்பிடிக்கக் கூடியதே பயன் தரும். நீரிழிவாளருக்கு முதல் ஆறு மாதங்களிலே இரத்தச் சீனி நன்கு இறங்குவதும் உண்மையே; காலம் செல்லச் செல்ல அந்நன்மையும் சுருங்குகின்றது.

ஏதங்களையும் மறைத்தலாகாது. தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் என்பன தொடக்கத்திலே தோன்றி நீங்குவன. சிலருக்கு இருதயத்துக்குத் தீங்கான கொழுப்பு இரத்தத்திலே வெகுவாக உயர்கின்றது. ஆதலால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. இன்சுலின் ஏற்றுவோரும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் குளிகை உண்போரும் மருந்தின் அளவைக் குறைக்காது உணவை மட்டும் மாற்றினால், எம் மாணவருக்கு நேர்ந்ததே நேரும். சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் புதுவகைக் குளிகைகளை உண்போர்க்கும், முதலாம் வகை நீரிழிவினர்க்கும், இரத்தம் அமிலமாகி உயிருக்கே இடர் விளையக்கூடும். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயினர் தாமாக இதனைக் கைக்கொள்ளல் தகாது. பல்லாண்டு இவ்வாறு உண்போரின் நிலையைக் காட்டும் நீண்ட ஆய்வுகளோ மிகச் சிலவே.

இவையெல்லாம் எந்நாட்டார்க்கும் பொது. ஊவா மலைநாட்டார்க்கு உரியதொன்றும் உண்டு. 1974ஆம் ஆண்டின் பஞ்சத்திலே தோட்டங்களில் இறப்பு உயர்ந்ததை எம் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2016ஆம் ஆண்டு அளவாய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் மலையேறும் தாய்க்கு ரொட்டியும் சம்பலும் சீனி கலந்த தேநீரும் உடலுழைப்பிலே கரைந்துவிடுகின்றன. அவள் குறை மா மிகுந்ததன்று. பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் போதாமை. அவள் மகனோ கல்வியால் உயர்ந்து நாற்காலியிலே அமர்ந்த பின்னரும் அதே தட்டை அதே அளவிலே உண்கின்றான். மலை நீங்கிற்று, மா நீங்கவில்லை. அவனுக்கு உடல் பெருப்பதும் நீரிழிவு வருவதும் இதனாலேயே.

ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகப் பல்லாண்டு போராடி 2021இலேதான் அதனைப் பெற்ற மக்களுக்குப் பாதாம் கொட்டையை விதித்தல் பொருந்தாது. வளரும் பிள்ளைகளையும் இம்முறைக்கு உட்படுத்தல் கூடாது. அலுவலகத்து அன்பர்க்கு யாம் கூறுவது எளிது: மூன்று ரொட்டியை ஒன்றாக்குக, குறைந்த இடத்தைப் பருப்பும் முட்டையும் வல்லாரையும் நிரப்புக, தேநீரிலே சீனியைச் சிறிது சிறிதாக நீக்குக, நாள்தோறும் நடக்க. வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மூலிகைகளைக் கூறாது, பசியறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். கீட்டோவையே விரும்புவோர் முதலில் வைத்தியரைக் கண்டு, இரத்தத்தைப் பரிசோதித்து, மருந்தைத் திருத்திக்கொண்டு தொடங்குவாராக.

எம் மாணவர் நலமடைந்துவிட்டார். இப்பொழுது மதியத்திலே ஒரு கோப்பைச் சோறு உண்கின்றார். மாலையிலே ஒரு மணிநேரம் நடக்கின்றார். மெலிந்த பதினைந்து கிலோவில் நான்கு மீண்டும் வந்துவிட்டதென அண்மையிலே தொலைபேசியிற் குறைபட்டார். எஞ்சிய பதினொன்றையும் காத்துக்கொள்ளும்படி கூறினோம். குளிகையின் பெயரையும் அளவையும் எழுதிச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளும்படியும் கூறினோம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் அனைவர்க்கும் அதுவே எம் வேண்டுகோள்.