எந்தக் கோடு எல்லை?

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளிலும் குவார்ட்டர்ஸ் மைதானங்களிலும் மாலையில் ஷட்டில் ஆடும் நம்மவர்களிடையே சண்டை மூள்வது பெரும்பாலும் கோட்டினால்தான். நடுவர் இல்லாத இடத்தில் "உள்ளே", "வெளியே" என்று வாக்குவாதம் முற்றி, மறுநாள் ஆபீசில் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு.

ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் ஒரே களத்தில் கோடு போட்டிருப்பதே குழப்பத்துக்குக் காரணம். களத்தின் நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர். இரட்டையர் ஆட்டத்தில் பக்கவாட்டு எல்லை எப்போதும் வெளிக்கோடுதான். மாறுவது பின் எல்லை மட்டுமே.

சர்வீஸ் போடும்போது, கடைசிக் கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்னால் உள்ள உள்கோடே எல்லை. அதைத் தாண்டி விழுந்தால் அவுட். வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள முன்கோட்டை எட்டாவிட்டாலும் அப்படியே. எதிராளி சர்வீஸைத் திருப்பி அடித்துவிட்டாரா? பிறகு உள்கோட்டை மறந்துவிடலாம். கடைசிக் கோடு வரை முழுக் களமும் ஆட்டத்துக்கு உரியது.

ஒற்றையரில் இது மாறும். சர்வீஸ் கடைசிக் கோடு வரை போகலாம். ஆனால் பக்கவாட்டில் உள்கோடே எல்லை, அகலம் 5.18 மீட்டர்தான்.

கோட்டின் மேலேயே விழுந்தால்? 40 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோடும் களத்தைச் சேர்ந்ததே. துளி பட்டாலும் உள்ளேதான். முதலில் பட்ட இடமே கணக்கு. சறுக்கி நின்ற இடம் அல்ல.

யாருக்கும் சரியாகத் தெரியவில்லையா? பெரிய போட்டிகளில் கோட்டு நடுவரும் நடுவரும் தீர்மானிக்க முடியாதபோது "லெட்" கொடுத்து மறுபடி ஆடச் சொல்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். ஒரு பாயிண்ட் போனால் போகட்டும். வெளியூரில் நமக்குக் கிடைத்த நாலு நண்பர்கள் போய்விடக் கூடாது.