வயல் முழுவதும் பரவட்டும் வைக்கோல்

தாமிரவருணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பருவங்களில் நெல் விளைகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் நீரூட்டும் இவ்வயல்களில், அரிவாளுடன் இறங்கும் அறுவடைக் கூட்டத்தை இன்று காண்பது அரிது. அறுத்தல், அடித்தல், தூற்றல் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் இயந்திரம் முடித்துவிடுகிறது. ஆனால், முன்பக்கம் சேரும் நெல்லின் மீது நாம் காட்டும் அக்கறையில் சிறு பங்கைக்கூட, பின்பக்கம் விழும் வைக்கோலின் மீது காட்டுவதில்லை.

பெரிய டயர் வண்டி ஒன்று ஏறத்தாழ 14 அடி அகலத்துக்குப் பயிரை அறுக்கிறது. கதிரடிக்கும் உருளையில் நெல் பிரிந்த பின்னர், அத்தனை அகலத்து வைக்கோலும் பின்வழியே சுமார் நான்கு அடிப் பட்டையாக விழுகிறது. ஒரு பட்டையில் மூன்று மடங்குக்கு மேல் வைக்கோல் குவிய, பக்கத்து நிலத்தில் அடித்தாள் மட்டுமே எஞ்சுகிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைந்தால், கிட்டத்தட்ட அதே எடைக்கு வைக்கோலும் கிடைக்கும் என்பதை எண்ணினால், இந்த ஏற்றத்தாழ்வின் அளவு புரியும்.

இதனால் என்ன கேடு? வைக்கோலில் கரிமச் சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எனவே, குவியல் இருந்த இடத்தில் நட்ட நாற்று சில வாரங்களுக்கு மஞ்சளித்து நிற்கிறது. நீர் கட்டிய சேற்றில் காற்றின்றி அழுகும்போது உண்டாகும் வாயுக்கள் வேரையும் தாக்குகின்றன. மஞ்சளிப்பைக் கண்ட விவசாயி வயல் முழுவதற்கும் யூரியா இடுகிறார். ஏற்கெனவே செழித்து நிற்கும் பகுதி அளவுக்கு மீறிக் கொழுத்து, பூச்சிக்கும் சாய்வுக்கும் ஆளாகிறது.

இன்னொன்று சாம்பல் சத்து. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தங்குவது தாளில்தான். ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை அது இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொட்டாஷ் உரத்துக்கு ஈடான இச்செல்வம், வயலின் ஒரு பட்டைக்கு மட்டும் போய்ச் சேருகிறது. பிசான அறுவடைக்கு முன்பே ஈரத்தில் விதைக்கப்படும் உளுந்தும் பாசிப்பயறும் கனத்த வைக்கோல் பட்டையின் கீழ் முளைத்து மேலெழ முடிவதில்லை.

இதற்குத் தீர்வு எளிய கருவி ஒன்றுதான். வைக்கோல் வெளியேறும் வாயில் எதிரெதிராகச் சுழலும் இரு தட்டுகளைப் பொருத்தினால், அவற்றிலுள்ள இறக்கைகள் வைக்கோலை இருபுறமும் வீசுகின்றன. அதற்கு முன் வெட்டுக் கத்திகளும் இருந்தால் துண்டுகள் சீராகப் பரவும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சூப்பர் எஸ்.எம்.எஸ்.' இவ்வகைப்பட்டதே. தாளை எரிக்காமல் கோதுமை விதைக்க அது உதவுவதால், பஞ்சாபில் அறுவடை இயந்திரங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கத்தி மழுங்கினாலும், தாள் ஈரமாக இருந்தாலும், காற்று ஒருபுறமாக வீசினாலும் பரவல் கெடும். ஓர் ஓட்டம் முடிந்ததும் நடுவிலும் இரு ஓரங்களிலும் ஒரே அளவுச் சதுரத்தில் கிடக்கும் வைக்கோலை அள்ளி எடை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நடுவில் கூடுதலாக இருந்தால் தட்டின் வேகத்தையும் இறக்கையின் கோணத்தையும் மாற்ற வேண்டும்.

ஆனால், பஞ்சாபின் விதியை அப்படியே நெல்லைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே வைக்கோல் மாட்டின் உணவு. பிசான அறுவடைக்குப் பின்னர் வறண்ட மாசி, பங்குனியில் அதைக் கட்டுகளாக்கி உள்ளூர்ப் படப்புக்கும் கேரளத்துக்கும் அனுப்புகிறார்கள். கட்டு கட்டும் இயந்திரத்துக்குப் பட்டையாக விழுவதே வசதி. கார் அறுவடையின் நிலை வேறு. புரட்டாசி, ஐப்பசியில் மழை நெருங்கும், வைக்கோல் நனையும், கட்ட ஆள் வராது, அடுத்த நடவுக்கோ நாள் இராது. தீ வைக்கும் எண்ணம் அப்போதுதான் எழுகிறது. சீராகப் பரப்பிச் சேற்றில் மடக்கி உழுவது அந்தப் பருவத்துக்கே பெரிதும் தேவை.

ஆகவே, வேண்டும்போது இயக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் கூடிய பரப்பி ஒவ்வோர் இயந்திரத்திலும் இருப்பதே நமக்குப் பொருந்தும். வாடகை மணிக்கணக்கில் பேசப்படுகிறது. பரப்பியைச் சுழற்றக் கூடுதல் டீசல் செலவாகும் என்பதால், கேட்காத வரை எந்த உரிமையாளரும் அதைப் பொருத்த மாட்டார். அறுவடை இயந்திரத்துக்கு மானியம் வழங்கும் அரசு, இக்கருவியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களில் இதை முதலில் பொருத்திக் காட்டலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் நம் களிமண்ணுக்கும் பெல்ட் வண்டிக்கும் ஏற்ற அளவுகளை வகுத்துத் தரலாம்.

விவசாயி செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வண்டி பேசும்போதே, 'வைக்கோல் பட்டையாக வேண்டுமா, பரவலாக வேண்டுமா?' என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். நெல்லுக்கு மட்டுமல்லாமல், அதை விளைவித்த மண்ணுக்கும் சேர்த்தே நாம் வாடகை கொடுக்கிறோம்.