பழைய மானிட்டரை டிவி ஆக்கலாமா? கேபிள் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கம்ப்யூட்டர் ரிப்பேராகி மூலையில் கிடக்கும். ஆனா, மானிட்டர் மட்டும் நல்லா இருக்கும். அதில் செட்டாப் பாக்ஸை மாட்டிட்டா இன்னொரு டிவி வாங்குற செலவு மிச்சம்தானே? யோசனை சரிதான். பலருக்குப் பணம் வீணாவது கேபிள் வாங்கும் இடத்தில்தான்.

முதலில் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் கவலையே இல்லை, ஹெச்டி பாக்ஸிலிருந்து ஒரே கேபிளில் வேலை முடிந்தது. வெள்ளை நிற டிவிஐ-டி போர்ட் இருந்தாலும் சாதாரண ஹெச்டிஎம்ஐ - டிவிஐ கேபிள் போதும், படம் வந்துவிடும்.

சிக்கல் விஜிஏ-வில்தான். பெரும்பாலும் நீல நிறத்தில், 15 ஓட்டைகளோடு இருக்கும் இதை 1987ல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்தது. இது அனலாக், ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல். ஒன்றை இன்னொன்றாக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும். ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ என வெறும் ஒயர் மட்டும் உள்ள மலிவு கேபிளை மாட்டினால் ஸ்கிரீனில் ஒண்ணும் வராது.

கன்வெர்ட்டருக்குத் திசையும் உண்டு. பாக்ஸிலிருந்து மானிட்டருக்குப் போக வேண்டியது 'ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ'. 'விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ' என்பது வேறு பொருள். கடையில் ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், கேட்டு வாங்குங்க. சிலவற்றுக்குத் தனியாக யுஎஸ்பி மூலம் கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக மாட்டியும் கறுப்புத் திரையா? ஹெச்டிசிபி எனும் காப்பி தடுப்புப் பூட்டு காரணமாக இருக்கலாம். அதை ஏற்கும் வசதி மானிட்டரிலோ கன்வெர்ட்டரிலோ இல்லையென்றால் பாக்ஸ் படத்தைக் காட்டாது. அதனால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவதே நல்லது.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் அது வேறு விஷயம். நம்ம ஊர் பாக்ஸ்கள் பொதுவாக விநாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும். பழைய மானிட்டர்கள் பல 60க்காகவே செய்யப்பட்டவை. பாக்ஸை ஒருமுறை வீட்டு டிவியில் மாட்டி, செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 720பி போன்றவற்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். 60 ஹெர்ட்ஸ் ஆப்ஷன் இருந்தால் இன்னும் நல்லது.

சத்தம் எங்கே? விஜிஏ ஒலியைக் கடத்தாது. பாக்ஸின் சிவப்பு, வெள்ளை ஓட்டைகளிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ மானிட்டர்களிலும் பலவற்றில் ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதில் ஸ்பீக்கரை மாட்டிக்கலாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை மட்டும் உள்ள பழைய பாக்ஸ் என்றால் அதற்கு 'ஏவி டு விஜிஏ' அல்லது 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ' பெட்டி தேவை. வேலை செய்யும், ஆனா பெரிய ஸ்கிரீனில் படம் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்.

லேப்டாப்பில் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லேப்டாப்பில் உள்ள ஹெச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. சில கேமிங் மாடல்களைத் தவிர, பாக்ஸை அதில் சொருகினால் எதுவும் நடக்காது.