அமாலா வீடு

ஹாஸ்டல் என்றாலே எனக்கு வார்டன்தான் ஞாபகம் வரும். இமாசலப் பிரதேசம் தர்மசாலாவில் உள்ள திபெத்தியக் குழந்தைகள் கிராமம் வேற மாதிரி. வீடு வீடாகப் பிள்ளைகள், வீட்டுக்கு ஒரு வளர்ப்புத் தாய். கூப்பிடுவது 'அமாலா'. அப்படின்னா அம்மா! நம்ம 'அம்மா' மாதிரியே இல்ல?

1959-இல் தலாய் லாமாவும் நிறைய திபெத்தியர்களும் அகதிகளாக இந்தியா வந்தார்கள். பெரியவங்களுக்கு மலையில் ரோடு போடும் வேலை. பிள்ளைகள் முகாமில் நோயும் பசியுமாகக் கிடந்தார்கள். 1960 மே 17-இல் ஜம்மு முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலா வந்தார்கள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா பார்த்துக்கொண்டார். 1964-இல் அவர் இறந்ததும் தங்கை ஜெட்சுன் பெமா பொறுப்பேற்று, 2006 வரை நடத்தினார்.

சின்ன வகுப்பில் பாடமெல்லாம் திபெத்திய மொழியில்தான். ஊர்தான் போச்சு, மொழியாவது இருக்கட்டும்னு.

பிற்பாடு சில பிள்ளைகளைப் பெற்றவர்களே பனிமலை தாண்டி அனுப்பி வைத்தார்கள். அம்மா அங்கே, அமாலா இங்கே.