உயிருக்குச் சீட்டுக் குலுக்கலாமா?

சென்ற வாரம் பார்த்த ட்ராலிக் கணக்கு, அதாவது ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்ற கேள்வி, தத்துவ வகுப்புக்காகக் கட்டிய கற்பனை. இந்த வாரம் எடுத்துக்கொள்வது நிஜமாகவே நடந்தது.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் ஒரு சிறு குழாயை உருவாக்கினார். டயாலிசிஸ் எந்திரம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயைப் புதிதாக அறுத்து எந்திரத்தோடு இணைக்க வேண்டும். சில தடவைகளுக்குப் பின் அறுக்க இடமிருக்காது. அதனால், சிறுநீரகம் தற்காலிகமாக நின்றுபோனவர்களை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயை நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்திவிட்டார். (தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். ரத்தமும் அதில் எளிதில் ஒட்டுவதில்லை.) அதை முதலில் பொருத்திக்கொண்டவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற போயிங் தொழிலாளி. சாகக் கிடந்த மனிதர், மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. 1962இல் சியாட்டிலில் திறந்த டயாலிசிஸ் மையத்தில் மூன்றே படுக்கைகள். வந்து குணமாகிப் போகிற சிகிச்சையா இது? இடம் பிடித்தவர் ஆயுள் முழுக்க வந்தாக வேண்டும். இடம் கிடைக்காதவருக்கு 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. மருத்துவர்கள் முதலில் உடல்நிலையைப் பார்த்து வடிகட்டினார்கள். குழந்தைகளும் 45 வயதைத் தாண்டியவர்களும் அந்தக் கட்டத்திலேயே கழிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் யாருக்கு இடம் என்பதை ஏழு பேர் குழு தீர்மானித்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் என்று ஆளுக்கொரு துறை. பெயர்கள் வெளியே தெரியாது, சம்பளமும் கிடையாது.

அந்த ஆண்டு நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்ஸாண்டர் எழுதியபோதுதான் இந்தக் குழுவைப் பற்றி நாடே அறிந்தது. வயது, பிள்ளைகள் எத்தனை, வருமானம், சொத்து, படிப்பு, மனத்திடம், இதுவரை ஊருக்கு என்ன செய்தார், இனி என்ன செய்வார் என எல்லாம் பார்த்தார்கள். தேவாலயத்துக்குப் போகிற பழக்கமும் பேச்சில் அடிபட்டது. கணவன் செத்தால் மனைவிக்கு மறுமணம் ஆகுமா என்றுகூட ஒருவர் கணக்குப் போட்டார். ஆறு பிள்ளைகளோடு நிற்கும் இளம் விதவையைவிட மூன்று பிள்ளைகளோடு நிற்பவருக்கு வாய்ப்பு அதிகமாம்.

கொதிக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்ல. விதிமுறை எதையும் கையில் கொடுக்காமல் உட்காரவைத்தால், தங்கள் தெருவில் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர் யாரோ அவரைத்தான் எவரும் தேர்ந்தெடுப்பார்கள். சாண்டர்ஸ், டூக்மினியர் என்ற இருவர் 1968இல் ஒரு சட்ட இதழில் இதைத்தான் குத்திக்காட்டினார்கள்: ஹென்றி டேவிட் தோரோவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் சியாட்டில் பக்கம் அவர் பிழைத்திருக்க முடியாது. காந்தி மதித்த எழுத்தாளர் தோரோ கல்யாணம் செய்துகொள்ளாதவர்; தேவாலயத்தை ஒதுக்கியவர்; வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். குழுவின் தாளில் அவருக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும்?

தத்துவக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அரிய வளத்தைச் சமூகம் செலவிடும்போது, பெறுகிறவரால் சமூகத்துக்கு என்ன பயன் என்று பார்ப்பதில் தவறில்லை என்றார் நிக்கோலஸ் ரெஷர், 1969இல். ஏறக்குறைய சமமாக நிற்பவர்களுக்கிடையே மட்டும் குலுக்கல் போதும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே ஜேம்ஸ் சில்ட்ரெஸ் எதிர்வாதம் வைத்தார். சிகிச்சை பலிக்குமா என்று மருத்துவர் சொல்லட்டும்; அதற்குமேல் யாரையும் எடைபோடாதீர்கள், குலுக்கிப் போடுங்கள் என்றார். குலுக்கலில் தோற்றவரிடம் 'உனக்கு அதிர்ஷ்டமில்லை' என்று சொல்லலாம். குழுவிடம் தோற்றவர் கேட்டுக்கொண்டு போவது, 'உன் உயிர் மலிவு' என்பதை.

எனக்குச் சில்ட்ரெஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் இருவருமே மூன்று படுக்கை என்பதை மழை வெயில் மாதிரி, மனிதர் கையில் இல்லாத சங்கதியாக எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அது யாரோ போட்ட பட்ஜெட். 1971 நவம்பரில் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே டயாலிசிஸ் செய்துகொண்டு காட்டினார். அடுத்த ஆண்டு செனட் இதைப் பற்றி ஏறத்தாழ அரை மணி நேரம் பேசியது. அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். டயாலிசிஸ் செலவை அரசு ஏற்றது. ரெஷர் – சில்ட்ரெஸ் வழக்கு தீர்ப்பில்லாமலேயே கலைந்துபோனது.

கலைந்தது டயாலிசிஸுக்கு மட்டும்தான். 2021இல் நம் செய்தித்தாள்களில் அடிபட்ட '16 கோடி ரூபாய் ஊசி' நினைவிருக்கும். முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கான ஸோல்ஜென்ஸ்மா மருந்து அது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 2019 டிசம்பரில் ஓர் அறிவிப்பு செய்தது: மருந்துக்கு இன்னும் அனுமதி கிடைக்காத நாடுகளில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 ஊசிகள் வரை இலவசம், யாருக்கு என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குலுக்கித் தேர்வோம். சொத்து, படிப்பு, கோயில் எதையும் கேட்கவில்லை. சில்ட்ரெஸ் சொன்னது அச்சாக அப்படியே நடந்தது. அப்படியும் பெற்றோர் அமைப்புகள் சில ஆத்திரப்பட்டன.

நூறோடு நிறுத்தியதற்கு, உற்பத்தித் திறன் குறைவு என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் எத்தனை ஊசி, என்ன விலை என்று தீர்மானிப்பவரும் சீட்டைக் குலுக்குபவரும் ஒரே ஆள். வரிசையில் நிற்பவர்களுக்குள் நியாயம் எது என்பதைச் சில்ட்ரெஸின் வாதம் சொல்லும். வரிசையை உண்டாக்கியவரை அது கேள்வி கேட்காது. அந்தக் கேள்விக்கு, ஒரு பொருளின் நியாயமான விலை எது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மண்டையை உடைத்துக்கொண்ட தாமஸ் அக்வினாஸிடம் போக வேண்டும். அவர் அடுத்த வாரம்.